பொட்டு வைத்த சாவி

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவார்கள். இல்லாவிட்டால் ஜன்னலுக்குள் கையை விட்டு ஆணியில் மாட்டுவார்கள். தெருவுக்கே அது தெரியும். திருடனுக்கு மட்டும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அலுங்காமல் குலுங்காமல் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து சேர்த்த ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன்.

புதுக்கோட்டை டவுனில் ஒரு பாத்திரக்கடையின் மாடி எங்கள் ஆபீஸ். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளின் விவரங்களைச் சேமித்து வைக்கும் ஆப் ஒன்றைச் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். விராலிமலையிலிருந்து மணமேல்குடி வரைக்கும் வாங்கியிருந்தார்கள். யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எவ்வளவு காலமாக என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். திறந்து பார்த்தால் யாருக்கும் விளங்காத எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையை மறுபடியும் பெயராகவும் நோயாகவும் மாற்றுவதற்கு ஒரு சாவி உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி, அவ்வளவுதான். அது யார் கண்ணிலும் படக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

எங்கள் முதலாளி அரிச்சுவடிக்கு முந்தைய வகுப்பு. நான் சேர்ந்த புதிதில் சாவியாக இருந்தது அவருடைய குலதெய்வத்தின் பெயர். மன்றாடி, சண்டை போட்டு, ஒழுங்கான ஒரு சாவியை உருவாக்கினேன். அதை எங்கே வைத்தார்கள்? ஆப்பின் நிரலுக்குள்ளேயே, பட்டவர்த்தனமாக, 'முக்கியம், அழிக்காதீர்கள்' என்று மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். முதலாளி தன் பங்குக்கு அதை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொண்டார். சாவிகளை வைப்பதற்கென்றே தனியாக ஒரு பெட்டகம் போன்ற வசதி இருக்கிறது, ஆப் கேட்டால் அது கொடுக்கும், மனிதர்கள் அதைப் பார்க்கவே வேண்டியதில்லை என்று நான் சொல்லாத நாளில்லை.

"ஓனரு நானே பாக்கக் கூடாதாக்கும்? இது எந்த ஊரு நாயம்மா?" என்பார்.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று இருந்தது. அந்தக் குப்பைக்குள் நானும் கிடந்தேன். எனக்கு வலிப்பு நோய். பள்ளிக்கூடத்தில், காலை வழிபாட்டில் வரிசையில் நிற்கும்போது முதல்முறை விழுந்தேன். அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் போகாதே, அடுப்புப் பக்கம் போகாதே, சைக்கிளைத் தொடாதே என்று ஊர் மொத்தமும் எனக்குக் காவல். கொடும்பாளூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்ததையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள். 'பாவம், அந்தப் புள்ள' என்பதுதான் நான். ஒருத்தரும் என்னோடு சண்டை போட மாட்டார்கள். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால்கூட மறுத்துப் பேச மாட்டார்கள். அந்த மரியாதையைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பிறகு நல்ல டாக்டர் ஒருவர் கிடைத்தார். மாத்திரை கேட்டது. வலிப்பு வருவது நின்று வருஷங்கள் ஆகின்றன. டவுனில் யாருக்கும் தெரியாது. அங்கே என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள், வாய் நீளம் என்றார்கள். கேட்கக் கேட்கக் காதில் தேன் பாய்ந்தது. என்னோடு நிரல் எழுதியவன் ஆவூர்க்காரன், என்னைவிடச் சற்று இளையவன். நான் எழுதும் வரிக்கு வரி மல்லுக்கு நிற்பான். "அக்கா, இதெல்லாம் ஒரு கோடா?" என்று முகத்துக்கு நேரே கேட்பான். அப்படிக் கேட்கிற ஓர் ஆள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அந்த டாக்டரின் ஆஸ்பத்திரியும் எங்கள் ஆப்பை வாங்கியபோது எனக்கும் 'பாவத்துக்கும்' நடுவே மிச்சமிருந்தது அந்த ஒற்றைச் சாவி மட்டும்தான்.

ஆயுத பூஜை வந்தது. நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா டிராக்டருக்குச் சந்தனம் தெளித்துக்கொண்டிருந்தார். என் போனில் வாழ்த்துகள் வந்து விழுந்தபடி இருந்தன. அவற்றில் ஒன்று எங்கள் ஆபீஸ் போட்டோ. முதலாளி அதை எங்கள் ஆப்பை வாங்கிய எல்லோரும் இருக்கிற குரூப்பில் போட்டிருந்தார். பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் இருந்தன. தாம்பாளத்தில் கார் சாவி, ஷட்டர் சாவி, பீரோ சாவி. அதற்குப் பின்னால், நான்கு மூலையிலும் பொட்டு வைத்த மானிட்டர். மானிட்டர் நிறைய, சுவரொட்டி எழுத்தில், எங்கள் சாவி.

பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கவே தேவையிருக்கவில்லை. ஒரு பொட்டாவது தவறிப்போய் எழுத்தின் மேல் விழுந்திருக்கிறதா என்று தேடினேன். எழுத்தை மறைத்தால் சாமி குத்தமாகிவிடும் என்று ஓரமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். கீழே ஆஸ்பத்திரிக்காரர்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. ஆபீஸுக்கு ஓடினேன். நடந்ததை ஆவூர்க்காரன்தான் சொன்னான். தாம்பாளத்தில் எல்லாச் சாவியையும் அடுக்கிய பிறகு முதலாளிக்கு ஞானம் பிறந்திருக்கிறது. "நமக்குச் சோறு போடுற சாவிய விட்டுட்டு ஷட்டரு சாவிக்குப் பூச போடுறோமே" என்று அதைத் திரையில் திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"எழுத்த எதுக்குடா பெருசாக்குன?" என்று அவனைக் கேட்டேன்.

"சாமிக்குத் தெரியணும்லக்கா" என்றான். படித்தது எம்.சி.ஏ.

முதலாளியிடம் போனேன். எல்லா ஆஸ்பத்திரியின் விவரங்களும் பூட்டிய நகலாக ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலும் கிடக்கின்றன, பூட்டியிருக்கும் தைரியத்தில்தான் கொடுத்தோம், இப்போது சாவியையும் அதே ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், இன்றைக்கே புதுச் சாவி போட்டு எல்லாவற்றையும் பூட்டி, பழைய நகல்களை அழிக்க வேண்டும் என்றேன். அவருடைய போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் நான் எதையும் தொட முடியாது. அந்த ஒன்றில் மட்டும் மனிதர் பயங்கரப் பாதுகாப்பு.

"யாரும்மா உக்காந்து அத எழுத்துக்கூட்டிப் படிக்கப் போறா?"

"படிக்க வேணாம் சார். காப்பி பண்ணாப் போதும்."

"அட, பூசையில வச்ச சாவிய மறுநாளே தூக்கிப் போடுறதாம்மா? அதுவும் விஜயதசமி அன்னிக்கி. வெளங்குமா?"

கணக்கு சொன்னேன், சட்டம் சொன்னேன், படம் வரைந்துகூடக் காட்டினேன். அவர் பொரியைக் கொறித்துக்கொண்டே கேட்டார். செவிடன் காதில் ஊதிய சங்காவது சத்தம் போட்டிருக்கும்.

"நம்ம ஊருல அப்புடி என்னம்மா ரகசியம் இருக்கு? எல்லாம் சுகரு, பிரஷரு. போம்மா அங்கிட்டு."

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"எனக்கு இருக்கு சார். எனக்கு வலிப்பு. சின்னப் புள்ளையிலருந்து இருக்கு. அந்த ஃபைலு நம்ம ஆப்புக்குள்ளதான் கெடக்கு. அதத் தொறக்குற சாவிக்குத்தான் நீங்க பொட்டு வச்சு ஊருக்கே அனுப்பியிருக்கீங்க."

பொரி கொறிக்கும் சத்தம் நின்றது. பக்கத்து மேசையில் ஆவூர்க்காரனும் தட்டச்சை நிறுத்தினான். நான் மறைத்துவைத்ததை யாரோ திருடுவார்கள் என்று பயந்தேன். கடைசியில் என் வாயாலேயே போட்டு உடைத்தேன்.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஓடிபி வரும். பாத்துச் செய்யிம்மா. யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். இத்தனை காலம் நான் பேசிய தொழில்நுட்பம் செய்யாததை ஒரு வியாதி ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டது. இந்தத் தொழிலைப் படிக்க நான் எழுதிய பரீட்சைகளை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வேலை அருமையாக நடந்தது, அதை நான் ஒத்துக்கொண்டாக வேண்டும். புதுச் சாவியை அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே உருவாக்கினேன். அது என் கண்ணிலும் படவில்லை, முதலாளி கண்ணிலும் படவில்லை. நிரலுக்குள் கிடந்த பழைய வரியை எடுத்து, வேலை முடியும்வரைக்கும் அதையும் பெட்டகத்துக்குள் போட்டேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விவரங்களைப் புதுச் சாவியால் பூட்டும் வேலையைத் தொடங்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினேன். என் ஆஸ்பத்திரியை முதலில் முடித்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலையில் என் மேசை மேல் ஒரு சாவிக்கொத்து இருந்தது. பழைய காலத்து இரும்புச் சாவிகள், உள்ளங்கை நீளம், துருப் பிடித்தவை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக்கும் என்று எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"ஒனக்குத்தாம்மா. வீட்டுல சொன்னேன், அவதான் குடுத்து விட்டா. மேச மேலயே கெடக்கட்டும். ஆத்திர அவசரத்துக்கு டக்குன்னு எடுத்துக் கையில குடுக்கலாம்ல" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் ஜில்லாவின் மகத்தான வைத்தியம். வலிப்பு தானாக வரும், தானாக நிற்கும், பெயர் மட்டும் சாவிக்கு. அது பரவாயில்லை. ஆனால் கம்ப்யூட்டர் மேசையில் இரும்புச் சாவிக்கொத்து எதற்கு என்று எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். டிராயருக்குள் போட்டேன். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முதலாளி அதை வெளியே எடுத்து வைத்திருந்தார். டீ கொண்டுவரும் அண்ணன் கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போதும் கையில் கொடுக்கிற டீயை மேசையில் வைத்து, கிளாஸை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஆவூர்க்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் என்னோடு சண்டைக்கு வந்திருக்கவில்லை. கடலோரத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றின் விவரங்கள் இன்னும் பழைய சாவியில்தான் பூட்டிக் கிடந்தன. அவை முடியும்வரை பழைய சாவியைத் தொடவே கூடாது. அழித்தால் அந்த ஜனங்களின் விவரங்களை ஆப்பால் திறக்க முடியாது, மறுபடியும் அந்தப் பூஜை போட்டோவைத் தேடிப் பிடித்து எழுத்துக்கூட்ட வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வேண்டுமென்றே சொன்னேன்: "பழைய சாவிய இப்பவே அழிச்சிரலாம்டா. எதுக்கு அத வச்சுக்கிட்டு?"

அவன் திரையைப் பார்த்தான். மேசை மேலிருந்த கொத்தைப் பார்த்தான். 'இதெல்லாம் ஒரு யோசனையாக்கா' என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கச் சொல்லி மனசுக்குள் கெஞ்சினேன்.

"நீங்க சொன்னாச் சரிதாங்க்கா" என்றான், தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் பேசுகிற குரலில். அழிக்கப் போன அவன் கையை நான்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.