கோலமாவு சலித்த வீடு

குஜிலியம்பாறைச் சாலையில், கருவேலமும் மானாவாரிச் சோளமுமாகக் கிடந்த காட்டில் வெள்ளைக்கல் மில் வந்தபோது, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கோயில் கட்டினது போலத்தான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் பட்டினி என்று வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்த சனத்துக்கு, மழையை எதிர்பார்க்காத வேலை ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது சாதாரண விஷயமா? லாரியில் வந்து இறங்கும் வெள்ளைக்கல்லை உடைத்து, அரைத்து, மைதா மாதிரி ஆக்கி, சாக்கில் பிடித்து அனுப்புவார்கள். கண்ணாடி செய்யப் போகிறது, தரை ஓடு செய்யப் போகிறது என்று சொன்னார்கள். எங்கே போனால் நமக்கென்ன, சனிக்கிழமை ஆனால் கூலி வருகிறதே என்று ஊர் இருந்துகொண்டது.

இஞ்ஞாசியம்மாள் கல்யாணமாகி வந்த வருஷமே அந்த மில்லில் சேர்ந்தாள். அரைத்த மாவு வந்து விழும் குழாய்க்கு அடியில் சாக்குப் பிடிக்கிற வேலை அவளுக்கு. அவள் புருஷன் சூசைமாணிக்கம் கல் உடைக்கும் கிரஷரின் வாயில் நின்றான். சாயங்காலம் இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை வெள்ளையாக நடந்து வருவதைப் பார்த்து, பவுடர் மாப்பிள்ளையும் பவுடர் பொண்ணும் ஊர்வலம் வருவதாகக் கேலி செய்தார்கள். இஞ்ஞாசியம்மாளும் சேர்ந்துதான் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்க வயதும் இருந்தது, காரணமும் இருந்தது.

வேலை முடிந்ததும் மேஸ்திரி ராமர் ஆளுக்கொரு வெல்லக்கட்டியும் வாழைப்பழமும் கொடுப்பார். வெல்லம் தொண்டையில் இருக்கிற தூசியை வயிற்றுக்கு இறக்கிவிடும், பழம் அதை வெளியே தள்ளிவிடும் என்பது மில்லின் வைத்திய சாஸ்திரம். இதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினார்கள், முதலாளி உட்பட. வெல்லம் தின்றுவிட்டால் அன்றைய தூசிக்கு அன்றோடு கணக்கு முடிந்தது என்றுதான் இஞ்ஞாசியம்மாளும் நினைத்தாள். தன் பங்கு வெல்லத்தில் பாதியைப் புருஷனுக்கே கொடுத்துவிடுவாள், அவன் கிரஷர் வாயில் நிற்கிறவன் என்பதால்.

தொண்ணூற்றைந்தில் சூசைமாணிக்கத்துக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மோட்டார் பெல்ட் வழுக்கினால் ஓட்டத்திலேயே அதில் பிடிமானத்துக்குக் குங்கிலியத்தைத் தேய்ப்பது அங்கே பழக்கம். நிறுத்தித் தேய்த்தால் மறுபடி ஓட்டம் பிடிக்க நேரமாகும், ராமர் முகம் சுளிப்பார். குங்கிலியத்தோடு விரலும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. முதலாளியே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். தலைக்கு வந்தது விரலோடு போயிற்று என்று ஊர் ஆறுதல் சொன்னது. கட்டுப் பிரித்ததும் அவன் திரும்பவும் அதே இடத்தில் போய் நின்றான். விரல் போனது கண்ணுக்குத் தெரிகிற காயம், அதனால் அதற்கு ஹார்லிக்ஸ் வந்தது. உள்ளே நடந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்க்க யாருக்கு என்ன தலையெழுத்து?

இருமல் சின்னதாகத்தான் தொடங்கியது. பிறகு, யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்கிற மாதிரி, சூசைமாணிக்கம் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அவன் இருமல் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்த மாத்திரையை ஒன்று விடாமல் விழுங்கினான். அடங்கவில்லை என்று மறுபடியும் அதையே கொடுத்தார்கள், அதையும் விழுங்கினான். சொந்தக்காரர்கள் வீட்டில் அவனுக்குத் தனி டம்ளர் வந்தது. வேதனை என்னவென்றால் அது காசநோயே இல்லை. கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வயதான டாக்டர்தான் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறாய் என்று முதன்முதலாகக் கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது என்றார். அதைக் கரைக்க மருந்து கிடையாது. ஆனால் இத்தோடு மில்லை விட்டுவிட்டால், மிச்சமிருக்கிற நுரையீரலை வைத்துக்கொண்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். மில் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று கூட வந்திருந்த இஞ்ஞாசியம்மாளைப் பார்த்துத்தான் சொன்னார், வீட்டில் யார் சொல் செல்லும் என்பதை அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இஞ்ஞாசியம்மாள் அந்தச் சொல்லைப் பைபிள் வசனம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே ராமரிடம் போய், இனிமேல் அவர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டாள். சூசைமாணிக்கம் கத்தினான், சாப்பிடாமல் கிடந்தான், பொம்பளை சம்பாத்தியத்தில் சோறு தின்பதா என்று அழுதான். அவள் அசையவில்லை. அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. பிள்ளை இல்லாத வீடு. அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் இரும ஆள் இருக்காது. அதனால் அவள் மட்டும் தொடர்ந்து சாக்குப் பிடிக்கப் போனாள்.

அவன் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். போகிற வருகிற லாரியைப் பார்த்தான். வேலை செய்த உடம்பு சும்மா இருந்தால் அது தன்னையே தின்னத் தொடங்கும் என்பார்கள், அது கண்ணெதிரே நடந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி ஒரு யோசனை சொன்னாள். சண்முகவள்ளி தலைச்சுமையாகக் கோலமாவு விற்கிறவள், வாய்க்கும் காலுக்கும் ஓய்வில்லாதவள். மில்லில் கூட்டி அள்ளுகிற மாவைச் சும்மாதானே கொட்டுகிறார்கள், அதை வாங்கி வந்து சலித்துக் கொடுத்தால் மார்கழிக்கு ஊர் ஊராக விற்றுவிடுவேன் என்றாள். ராமரும் பெரிய மனது பண்ணி அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

டாக்டர் 'மில்' என்றார், 'மாவு' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நாம் சொல்லலாம், வாய் நமக்குத்தானே. இஞ்ஞாசியம்மாளுக்கு மில் என்றால் அந்த இரைச்சல், அந்தச் சூடு, பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியாத அளவுக்குக் கிளம்பும் புகை. கோலமாவு அப்படியா? விடிந்தால் ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் கையில் எடுக்கிற பொருள். கைப்பிள்ளை அதில் புரண்டு விளையாடுகிறது, கோழி கிளறுகிறது. அதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா?

கோலமாவு விரல் இடுக்கில் வழுக்கி இறங்க வேண்டும். ரொம்ப நைசாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கோடு திரிதிரியாக விழும். அதனால் முதலில் சல்லடையில் போட்டுக் கப்பிக் கல்லை எடுத்துவிட்டு, அப்புறம் மெல்லிய வேட்டித்துணியில் கொட்டி நாலு மூலையையும் பிடித்து உதற வேண்டும். நைஸ் மாவெல்லாம் துணி வழியே பறந்து போய்விடும், மணியான மாவு துணியில் நிற்கும். குஜிலியம்பாறைப் பக்கத்துக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வைத்துச் சலித்தால் பாதி மாவைக் காற்று கொண்டுபோகும், மீதியைப் பக்கத்து வீட்டுக் குழம்பில் கொட்டும். ஆகவே இஞ்ஞாசியம்மாளே ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டாள். அவள் மில்லுக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டுப் போவாள். உள்ளே சூசைமாணிக்கம் எட்டு விரலால் துணியைப் பிடித்து உதறிக்கொண்டிருப்பான்.

அவனுக்கு முகம் தெளிந்தது, இப்போது நினைத்தால் அதைத்தான் தாங்க முடியவில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயம் கலந்து வண்ண மாவும் செய்தான். பொங்கலுக்கு முந்தின வாரம் ஊர்ப் பெண்களெல்லாம் அவன் கலந்த நீலத்தைத்தான் கேட்கிறார்கள் என்று சண்முகவள்ளி சொன்னபோது, சூசைமாணிக்கம் வெட்கப்பட்டான். சாயங்காலம் இஞ்ஞாசியம்மாள் கதவைத் திறந்தால் வெள்ளையாக உட்கார்ந்து சிரிப்பான். அவளும் வெள்ளையாக நின்று சிரிப்பாள். மில்லிலிருந்து அவனை மீட்டுவிட்டோம் என்று அவள் ஞாயிறுதோறும் மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள்.

இரண்டு வருஷம் போனது. இருமல் குறையவில்லை. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது, பிறகு சோறு மென்றாலே வாங்கியது. இரண்டாயிரத்து மூன்று கார்த்திகையில் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் திண்டுக்கல்லுக்கே திரும்பக் கூட்டிப்போனாள். அதே டாக்டர், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார்.

"மில்லை விட்டாச்சுன்னீங்களேம்மா?"

"அன்னைக்கே விட்டாச்சுங்கய்யா. அந்தப் பக்கம் நெழலுகூடப் படல. வீட்டுக்குள்ளயே வச்சிருக்கேன், கதவைச் சாத்தி."

அவள் குரலில் பெருமை இருந்தது, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை போல. டாக்டர் வீட்டில் அவன் என்ன செய்கிறான் என்று கேட்டார். சும்மா இருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்தில் கோலமாவு சலிக்கிறார் என்றாள். மாவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மில்லில் கூட்டி அள்ளுவது என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு படங்களையும் ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார். அந்தச் செத்த நேரத்தில் இஞ்ஞாசியம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாவும் அதே கல்தூசிதான். மில்லிலாவது கூரை உயரம், நாலு பக்கமும் திறப்பு. வீட்டில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டியது அவள் கை.

வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்துவிட்டுக்கொண்ட கதை என்று ஊரில் சிரிப்பார்கள். அவள் தன் மடியில் விட்டுக்கொள்ளவில்லை, அவன் மடியில் விட்டாள், அதையும் பாசத்தோடு விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்டான். தூசி ஆகாது என்றார் என்றாள். அதுதான் மில்லுக்குப் போகிறதில்லையே, வீட்டில்தானே இருக்கிறேன் என்று அவன் அவளுக்கு ஆறுதல் சொன்னான். அவள் வேடசந்தூர் தாண்டும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனை வேப்பமரத்தடியில் கட்டிலில் படுக்க வைத்தாள். ஜன்னல் சாக்கை அறுத்தாள். சல்லடையை உடைத்து அடுப்பில் வைத்தாள். இருந்த மாவை, அவன் கலந்த வண்ணங்களோடு சேர்த்து, கருவேலங்காட்டுக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரையும் தரையையும் கழுவினாள். கழுவக் கழுவப் பால் மாதிரி வெளியே ஓடியது. சண்முகவள்ளியிடம், அவரால் இனி முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சூசைமாணிக்கம் அவளைக் கூப்பிட்டான். மார்கழி பிறக்கப்போகிற நேரம் இது, மாவு விற்கிற காலம். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துத்தான் கேட்டான்.

"ஏ புள்ள, சலிக்கக்கூட நான் லாயக்கில்லன்னு முடிவு பண்ணிட்டியா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பிறகு ஏன் என்று கேட்பான். ஏன் என்பதற்குப் பதில், உன்னைக் கொன்றது நான்தான் என்பது. அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது, காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டால் தானாவது மூச்சு விடலாம் என்றும் தோன்றியது. சாகப்போகிறவன் தலையில் இதையும் ஏற்றுவதா என்றும் தோன்றியது. அவனுக்காக மறைத்தாளா, தனக்காக மறைத்தாளா என்று கேட்டால் அவளுக்கே இன்றுவரை தெரியாது.

"ஆமா" என்றாள். "ஒங்களால ஆகாது."

அதற்குப் பிறகு அவன் அவளிடம் அதிகம் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கொடுத்ததைக் குடித்தான், திருப்பிப் படுக்க வைத்தால் படுத்தான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவளைக் கேட்காமல், சண்முகவள்ளி வரும்வரை காத்திருந்து அவளிடம் கேட்டான். இஞ்ஞாசியம்மாள் பகலெல்லாம் மில்லில் சாக்குப் பிடித்தாள். போகாவிட்டால் அவனுக்கு மருந்து இல்லை. வாசலிலேயே சேலையை மாற்றி, தலையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். தன்னை அருவருத்து ஒதுங்குகிறாள் என்று அவன் அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டிருப்பான். விளக்கிச் சொல்ல வழியில்லை.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம், அவள் மில்லில் இருந்தபோது, அவன் போனான். ஆள் வந்து சொல்லி அவள் ஓடிவந்து சேர்ந்தபோது உடம்பைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே போவதற்கு முன்னால் பழக்கத்தில் வாசலில் நின்று சேலையை உதறினாள்.

கல்லறையில் சாமியார் ஜெபம் சொல்லும்போது, இந்தச் சகோதரி தன் கணவரைக் கண்ணைப்போல் காத்தார் என்றார். மில் சனம் முழுக்க வந்திருந்தது. ராமர் மாலை வாங்கி வந்திருந்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து, உன்னை மாதிரி யார் பார்ப்பார்கள், எங்கள் வீட்டு ஆம்பளைகளை வேலைக்குப் போகாதே என்று நிறுத்த எங்களுக்குத் தைரியம் வரவில்லையே என்று அழுதார்கள். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகும் சண்முகவள்ளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இஞ்ஞாசியம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மனசைத் தேத்திக்கக்கா. மில்லுல கெடந்து சாகாம, அந்த ரெண்டு வருசமாவது வீட்டுல உக்காந்து நிம்மதியா மூச்சு விட்டாரு. அது நீ குடுத்ததுதான்."

இஞ்ஞாசியம்மாள் அதற்கும் தலையை ஆட்டினாள்.