இனிப்பு கேட்காத வியர்வை

சலூன்காரர் ரேடியோவின் இடது கை பெரியவரின் தாடையைப் பிடித்திருந்தது. வலது கையில் சவரக்கத்தி. வாய் ஓயாததால் தெருவே வைத்த பெயர் ரேடியோ. அன்று சத்தமே இல்லை. பக்கவாதம் வந்த பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்த நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில்.

“என்னடா, ஸ்டேஷனை மூடிட்டியா?” என்றார் பெரியவர்.

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் ரேடியோவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

“தம்பி, கத்தியை இப்படிக் குடுங்க” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. சுகர் இறங்கிடுச்சு, பழகினதுதான்.” கத்தியைத் தந்துவிட்டு, ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். துண்டு மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினாள்.

சர்க்கரைக்காரருக்கு வியர்த்தால் எல்லோரும் செய்வது இதுதான், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் அவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“பல்லு வலியா?”

“காலையிலேர்ந்து. தோள் வரைக்கும் இழுக்குது.”

பெரியவருக்கான சுகர் மெஷின் என் பையில் இருந்தது. மிட்டாய் ஒட்டிய விரலைக் கழுவித் துடைத்துக் குத்தினேன். இருநூற்று எண்பது.

மனைவி டம்ளரோடு வந்தாள்.

“கீழ வைம்மா. சுகர் இறங்கல. ஹார்ட் அட்டாக்காத்தான் இருக்கும்.”

“நெஞ்சு வலிக்கவே இல்லையே!” என்றார் ரேடியோ.

“சுகர் நரம்பை மழுங்கடிச்சிடும். பிரஷரும் இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. வலிக்காமலும் வரும். எழுந்திரிக்காதீங்க.”

“பெரியவருக்கு ஒரு கன்னம் பாக்கி...”

“கன்னம் எங்கயும் ஓடாது. நீ கிளம்புடா!” என்று கத்தினார் பெரியவர்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் கேட்டேன். “பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

அவர் பார்வை மனைவி பக்கம் போய்த் திரும்பியது. “லீவு நாள்ல மட்டும்.”

“என்னது?” என்றாள் மனைவி.

“அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. இங்க கக்கூஸ் ஏது? பாதி முடிவெட்டுல ஆளை விட்டுட்டு எங்க ஓடுறது?”

“தினமும் தண்ணி ஊத்திக் குடுத்தேனே! மாத்திரை எங்க போச்சு?”

“பாக்கெட்டுல.”

அடிக்கக் கை ஓங்கியவள், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவர் கண் சொருகியது. நாடியைத் தேடினேன், மெலிவாக ஓடியது. மூச்சும் இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. வண்டி வந்து அவரை ஏற்றும்வரை நாடியிலிருந்து என் விரலை எடுக்கவில்லை. மனைவியும் ஏறிக்கொண்டாள்.

இதயக் குழாயில் அடைப்பு. நீக்கிவிட்டார்கள், மாலையில் கண் விழித்தார். இனி ஒரு நாள்கூட மாத்திரையை விடக்கூடாது, இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சலூனுக்குப் பக்கத்து நோட்டுப் புத்தகக் கடைக்குப் போய் நின்றாள்.

“அண்ணே, உங்க கக்கூஸ் சாவி ஒண்ணு வேணும்.”

“அது வெளியாளுக்கெல்லாம்...”

“தினமும் நானே கழுவி விடுறேன். குடுங்க.”

கடைக்காரர் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார்.