அடைக்கோழிக்கு வைத்த இரும்பு

எங்கள் செங்கோழி அடையில் உட்கார்ந்து பதின்மூன்றாம் நாள் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பினோம். எனக்கு அப்போது எட்டு வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், எழுவான்கரை. சண்டை எங்கள் பக்கம் நெருங்கியதும் சனமெல்லாம் தோணியேறி அந்தக் கரைக்குப் போனது. நாங்களும் போனோம். சண்டையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. கோழியைப் பற்றிச் சொல்லலாம்.

அடை வைக்கும்போது அம்மா பனையோலைக் கடகத்தில் வைக்கோல் போட்டு, அதற்குள் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஒரு கரித்துண்டும் வைத்தார். அதன் மேல் பதினொரு முட்டை. ஆணி எதற்கு என்று கேட்டேன். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும், இரும்பு கிடந்தால் ஆகாது என்றார். எப்படி என்று கேட்டேன். அம்மா கோழியைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எதையும் அப்படி விட முடியாது. ஆணி முட்டைக்கு மேலே கிடக்க வேண்டுமா, கீழேயா? ஓர் ஆணி எத்தனை முட்டைக்குக் காணும்? தாரா முட்டைக்கும் இதே ஆணிதானா? கேட்டுக்கொண்டே திரிந்தேன்.

அந்த மாதம் மழையுமில்லை, இடியுமில்லை. செல் அடித்தார்கள், பீரங்கிக் குண்டு. முதலில் தூரத்தில் விழுந்தது. பிறகு எங்கள் வட்டைக்குள், வெட்டாமல் நின்ற நெல்லுக்கு நடுவில் விழுந்தது. வீட்டுச் சுவர் அதிரும். நாய் கட்டிலுக்குக் கீழே போய்விடும். அப்பா என்னை இழுத்துக்கொண்டு முற்றத்துப் பங்கர் குழிக்கு ஓடுவார். கோழி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும், அவ்வளவுதான். ஆணிதான் காரணம் என்று முடிவு செய்தேன்.

அம்மாவும் ஓடமாட்டார். அடுப்பை அணைத்து, சோற்றுப் பானையை மூடி, கதவைச் சாத்திவிட்டு நடந்து வருவார். அப்பா பங்கருக்குள் இருந்து கத்துவார். “வாறன்” என்று அம்மாவின் குரல் கேட்கும். அப்படியானால் அம்மாவிடமும் எங்கோ இரும்பு இருக்க வேண்டும். இரண்டு நாள் தேடினேன். தாலிக் கயிற்றில் இரண்டு சட்டை ஊசிகள் தொங்கின. எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார், நான் சொல்லவில்லை. ஒன்றைக் கழற்றி என் சட்டையில் குத்திவிட்டார். அதற்குப் பிறகு நானும் பங்கருக்கு நடந்துதான் போனேன். அப்பாவிடம் முதுகில் அடி வாங்கினேன்.

ஆனால் செல் இடியைவிடப் பெரிது. ஓர் ஆணி காணாது என்று எனக்குப் பட்டது. கழன்று கிடந்த கதவுப் பிணைச்சல் ஒன்றை வைக்கோலுக்குள் செருகினேன். பிறகு திறப்புத் தொலைந்த ஒரு பூட்டு. பிறகு அப்பாவின் பாக்குவெட்டி. அப்பா வீடெல்லாம் தேடிவிட்டு, பாக்கைப் பல்லால் கடித்தார். கடைசியாகக் கிணற்றடியில் ஒரு செல் துண்டு அகப்பட்டது. என் உள்ளங்கை நீளம், ஓரம் சவரப் பிளேட்டைப் போலக் கூர். இதைவிட நல்ல இரும்பு கிடையாது என்று நினைத்தேன். இடியின் இரும்பே இதுதானே. துணியில் சுற்றி முட்டைகளுக்கு அடியில் வைத்தேன். கோழி கையைக் கொத்தியது. பொறுத்துக்கொண்டேன்.

போகும் நாள் அப்பா கோழியை அறுத்துவிடலாம் என்றார்.

“அறுக்கேலாது. அடையில கிடக்கு” என்றார் அம்மா.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடகத்தின் வாயைச் சேலைத் துண்டால் கட்டினார். அப்பா அதைத் தோணியில் ஏற்றத் தூக்கியவர் நின்றார்.

“என்ன கா இது? கோழி கல்லத் திண்டிரிக்கா?”

நான் ஓடிப்போய்த் தோணியில் ஏறி உட்கார்ந்தேன். கடகத்தை என் மடியில் வைத்தார்கள். தோணி விளிம்புவரை சனம். வாவியின் நடுவில் ஒருமுறை துணியை விலக்கிப் பார்த்தேன். கோழி என்னைப் பார்த்தது. மூடிவிட்டேன்.

மறுகரையில், துறையில், துப்பாக்கிகளோடு ஆமி நின்றது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை. ஆண்களில் சிலரை வரிசையில் இருந்து பிரித்து, தனியாக ஒரு மரத்தடியில் இருத்தியிருந்தார்கள். அவர்களை எங்கே கொண்டுபோவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் சாமான்களைச் சோதித்தவன் மீசை சரியாக முளைக்காத இளந்தாரி. துணியை அவிழ்த்ததும் கோழி சிலிர்த்துக்கொண்டு சீறியது. அவன் இரண்டு கையையும் செட்டைக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கினான். காலைப் பிடித்துத் தூக்கவில்லை. இவன் கோழி வளர்த்தவன் என்று நினைத்தேன். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சாக்கின்மேல் வைத்தான். பிறகு வைக்கோலைக் கிளறினான். ஆணி வந்தது, கரி வந்தது. பிணைச்சல். பூட்டு. பாக்குவெட்டி.

“அது என்ட பாக்குவெட்டி” என்றார் அப்பா, வரிசையில் நின்றபடி. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியாகத் துணிப் பொட்டலம் வந்தது. அதை அவிழ்த்துப் பார்த்தவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். வந்தவன் வயதில் மூத்தவன். துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஏதோ கேட்டான். பிறகு அரைகுறைத் தமிழில் கேட்டான்.

“இது யார்?”

“என்ட” என்றேன். “இடிக்கு வைச்சது. தாங்க.” கையையும் நீட்டினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிடவில்லை. குனிந்து ஆணியை எடுத்தார். வானத்தைக் காட்டினார், முட்டையைக் காட்டினார், ஆணியை வைக்கோலுக்குள் திரும்ப வைத்தார். சோறு போடும்போது பேசுகிற குரல்தான்.

“இடிக்கு, தம்பி. புள்ள கொஞ்சம் கூட வைச்சிட்டாள்.”

இளையவன் ஆணியைப் பார்த்தான். மூத்தவனிடம் ஏதோ சொல்லி, இரண்டு கையையும் குவித்துக் கூடு மாதிரிக் காட்டினான். மூத்தவன் என்னைப் பார்த்தான். பாக்குவெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான் என்று பிறகு பெரியவர்கள் சொன்னார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. முட்டைகள் வெயிலில் கிடந்தன. அவை சூடேறுமா, ஆறிப்போகுமா என்பதுதான் என் யோசனை.

“கோழிய வைக்கட்டா தம்பி? முட்டை ஆறுது” என்றார் அம்மா.

மூத்தவன் தலையை ஆட்டினான். இளையவன் முட்டைகளைத் தானே அடுக்கினான். பூட்டையும் பாக்குவெட்டியையும் அம்மாவிடம் கொடுத்தான். செல் துண்டை மூத்தவன் வாவிக்குள் எறிந்தான். நான் கத்தப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் பதிந்த சிவப்பு பின்னேரம்வரை மாறவில்லை. அப்பாவை மரத்தடிக்கு அனுப்பவில்லை. எங்களிடம் வந்ததும் முதல் வேலையாக, தேடியது கிடைத்ததென்று பாக்குவெட்டியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்தினார்கள். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம். கடகத்தை மேசைக்கு அடியில் வைத்தோம். அன்றைக்குப் பின்னேரமே அம்மா படுத்துவிட்டார். காய்ச்சல் என்றார்கள், ஆனால் உடம்பு சுடவில்லை. கையும் காலும் நடுங்கின. செல் அடித்தபோது நடந்து வந்தவர், சத்தமே இல்லாத இடத்தில் நடுங்கினார். எனக்கு விளங்கவில்லை. இரண்டு ஊசியில் ஒன்றை நான் வாங்கியதால்தான் இப்படி என்று பயந்தேன். என் சட்டையில் இருந்ததைக் கழற்றி அம்மாவின் சேலையில் குத்தினேன். மறுநாள் காலையில் எழும்பினார். நான் நினைத்தது சரிதான் என்று இருந்தேன்.

எட்டு நாள் கழித்துக் குஞ்சு பொரித்தது. ஏழு. கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு வகுப்பறையைச் சுற்றி வந்தது. அடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் அரிசிக் குருணை போட்டார்கள். மிச்சம் நாலு முட்டையைக் கோழி திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா உடைத்துப் பார்த்தார், நாலும் கூழ்.

நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன், அந்தத் துண்டை எறியாமல் விட்டிருந்தால் பதினொன்றும் பொரித்திருக்கும் என்று. அப்பா வாயில் வெற்றிலையோடு சிரித்தார். “கேட்டியா கா, உன்ட மகள் சொல்றத” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. துறையில் அப்பாவுக்கு முன்னால் நின்ற ஒருவரின் பெண்சாதி அவர். அந்த மனுசன் இன்னும் வந்து சேரவில்லை.

அம்மாவும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சிரித்து முடித்து, எழும்பித் துப்பப் போன பிறகும், அவர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. நாலு முட்டையும் கூழ் என்று, உடைத்துப் பார்க்காமல், கோழிக்கு எப்படித் தெரிந்தது?