பம்பு உடைக்காத பல்

டாக்டரம்மா ஒரு சின்னச் சட்டத்தை எடுத்தார். அதில் மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகியிருந்தன. வெள்ளையில் தொடங்கி மஞ்சள் வரைக்கும் பத்துப் பதினைந்து நிறம் இருக்கும். ஒவ்வொன்றாக என் மனைவியின் வாயருகே பிடித்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லி மறுபடியும் பார்த்தார். கடைசியில், மஞ்சளுக்குச் சற்று முன்னால் இருந்த ஒன்றைத் தொட்டு, "இதுதான்மா உங்க கலரு" என்றார். அவள் தலையாட்டினாள். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த முன்பல்லை உடைத்தவன் நான். அந்த அறையில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம். ஒரு நாள் சாயங்காலம் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏதோ வார்த்தை வந்தது. கையில் இருந்த டிபன் கேரியரை வீசினேன். அது அவள் வாயில் பட்டது. முன்பல்லில் பாதி குறுக்காகப் போய்விட்டது. என்ன வார்த்தை என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கும். நான் கேட்டதில்லை. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தரையில் அந்தப் பல் துண்டைத் தேடினாள். கிடைத்ததும் வெளியே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலையில் தெருவில் இருந்த கைப்பம்புக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். "இன்னாடி, வாயி இப்பிடி வீங்கிக்கினு கீது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "இந்தப் பம்பு கைப்பிடிதான்க்கா. நேத்து எகிறி அடிச்சிடுச்சி" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. கேட்டவுடன் சொன்னாள்.

அந்தப் பம்பு நிஜமாகவே எகிறும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெருவே பம்பின் மேல் கோபப்பட்டது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. பல்லு ஒடச்ச பம்பு என்று பேரே வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தெருக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். "நீதான் வெல்டராச்சே. அதுக்கு ஒரு வழி பண்ணுப்பா. இன்னிக்கு உம்பொண்டாட்டி, நாளைக்கு எங்க ஊட்டுப் புள்ள" என்றார்கள். என்னால் மறுக்க முடியவில்லை. பட்டறையில் கேட்டு வெல்டிங் மிஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தேன். கைப்பிடி மேலே எகிறாதபடி ஓர் இரும்புத் துண்டைத் தடுப்பாக வைத்து வெல்டு அடித்தேன். தெருவே சுற்றி நின்று பார்த்தது. அவளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "பொண்டாட்டி பல்லுக்காவ பம்பையே அடக்கிட்டாம் பாரு. எங்க ஊட்டு ஆளு கீதே, நான் கெணத்துல வுழுந்தாக்கூட பக்கெட்டுக்கு இன்னா ஆச்சின்னுதான் கேக்கும்" என்றாள் அந்த அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், உதட்டைத் திறக்காமல். அன்றிலிருந்து அப்படித்தான் சிரிப்பாள்.

பிறகு நான் கை ஓங்கியதில்லை. குடியையும் விட்டேன். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. என்னைக் காப்பாற்றத்தான் அவள் பொய் சொன்னாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே அடங்கி நடந்தேன்.

தூளியில் கிடந்த மகள் வளர்ந்து, படித்து, ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குப் போனாள். கல்யாணம் நிச்சயமாயிற்று. "எல்லா போட்டோலயும் வாய மூடிக்கினே நிப்பியாம்மா? ஒரு மணி நேர வேலை. புடுங்க மாட்டாங்க, ஊசிகூட வேணாமாம். மேலயே பூசி பல்லாக்கிடுவாங்க" என்று பிடிவாதம் பிடித்து பஜாரில் இருந்த பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னையும் வரச் சொன்னாள்.

"எப்பிடிம்மா ஒடஞ்சிது?" என்று டாக்டரம்மா கேட்டபோது என் மனைவியின் உதட்டை விரித்து ஏதோ மாட்டியிருந்தார்கள். அவளால் பேச முடியாது. மகள்தான் பதில் சொன்னாள். "பம்பு அடிச்சிடுச்சி டாக்டர். எங்க நைனா அப்புறம் அந்தப் பம்பையே வெல்டு வெச்சி சரி பண்ணாரு. எங்க தெருவுல யார வேணா கேளுங்க." டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பல்லில் ஒரு மருந்தைத் தடவிக் கழுவினார். அப்போதுதான் பிடிக்குமாம். எங்கள் தொழிலிலும் அப்படித்தான், சுத்தம் பண்ணாத இடத்தில் எதுவும் நிற்காது. பிறகு பல் நிறத்தில் ஒரு பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். விளக்கைக் கண்டதும் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேய்ந்த ஷாஃப்டுத் தண்டுக்கு மேலே வெல்டு ஏற்றி, கிரைண்டிங் பிடித்து, பழைய அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. இதுவும் அதேதான். ஊரில் எத்தனையோ பேருடைய உடைசலை ஒட்டியிருக்கிறேன். நான் உடைத்ததை வேறொருத்தர் ஒட்ட, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து மெருகு போட்டபின் உடைந்த இடமே தெரியவில்லை. இருந்த ஒரே அடையாளமும் போயிற்று. இனிமேல் பம்புதான் நிஜம்.

கண்ணாடியைக் கொடுத்தார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். மகள் போனைத் தூக்கி, "சிரிம்மா, பல்லு தெரிய" என்றாள். அவள் சிரித்தாள். "நைனா, பாரு நைனா!"

"பம்பு இல்ல" என்றேன். "நான்தான் ஒடச்சேன். டிபன் கேரியர வீசி."

டாக்டரம்மா திரும்பிக்கொண்டு குழாயைத் திறந்து கை கழுவினார். மகள் போனை இறக்கினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். என் மனைவி நாற்காலியை விட்டு இறங்கிப் புடவையைச் சரிசெய்தாள். "இதால கடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள். கரும்பு, எலும்பு எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது, சில வருடம் போனால் மறுபடி பூசவேண்டி வரும் என்று டாக்டரம்மா குனிந்தபடியே சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்ததும் மகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அடுப்படியில் என் மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எதுக்குய்யா சொன்ன?"

"மனசு தாங்கல."

"உம்மனசு. உன்ன காப்பாத்தவா நான் பம்ப சொன்னேன்? அடி வாங்குனவ, பாவம்னு எவளும் என்னப் பாக்கக் கூடாது. அதுக்குதான் சொன்னேன். இத்தினி வருசம் எவளும் பாக்கல. இன்னிக்கி எம்பொண்ணு பாக்குறா."

அந்தப் பொய் அவளுடையது. அதைப் போட்டு உடைக்க எனக்கு உரிமை இல்லை என்று அதுவரை தோன்றவே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகள் என் காலில் விழுந்து கும்பிட்டாள். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. போட்டோவில் என் மனைவி பல் தெரியச் சிரிக்கிறாள். பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மகள் இப்போது கடம்பத்தூரில் இருக்கிறாள். தினமும் வேலை விட்டதும் அம்மாவுக்குப் போன் போடுவாள். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். எனக்கு எல்லாம் கேட்கும்.

"ஊட்டுல ஒண்ணும் பிரச்சன இல்லியேம்மா?"

"ஒண்ணும் இல்லடி."

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். போனில் அது தெரிவதில்லை. மகள் இன்னொரு தரம் கேட்கிறாள்.