புளோரன்சில் மச்சாளோடு ஒரே கட்டில்

எங்களுக்குத் திருமணமாகி முப்பது வருடம் முடிந்தபோது மகள் எங்களை இத்தாலிக்கு அனுப்பினாள். புளோரன்ஸ் நகரம், நான்கு நாட்கள், ஆற்றைப் பார்த்த பல்கணி அறை. அந்த அறையின் அகலமான வெள்ளைக் கட்டிலில் நான் படுத்தது என் கணவரின் அக்காவோடு. இதை எழுதும்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

மகள் கோப்பன்ஹேகனில் வேலை செய்கிறாள். எங்களோடு டெனிஷில்தான் கதைப்பாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். பயணச்சீட்டு உறையை என் கையில் தந்தபோது "குன் யேர் தோ" என்றாள். நீங்கள் இரண்டு பேர் மட்டும். பிறகு தகப்பனின் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தரம் அழுத்திச் சொன்னாள். தகப்பனை அவளுக்குத் தெரியும்.

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்த காலத்திலிருந்து அவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று நாங்களே பிடித்துக்கொண்ட ஒழுங்கு அது. விடிய அவர் வந்து காரை நிறுத்துவார், நான் சப்பாத்தும் போட்டபடி வாசலில் நிற்பேன். கார்த் திறப்பு கைமாறும். அவர் இருந்த சூடு ஆறாத சீட்டில் நான் ஏறி இருப்பேன். "பிள்ளைக்குக் காய்ச்சல்." "வாஷிங் மெஷின் ஒழுகுது." "புதன்கிழமை பள்ளிக்கூடத்தில மீட்டிங்." எங்கள் குடும்ப வாழ்க்கை ஓடியது இந்த வசனங்களில்தான். மகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகும் ஒழுங்கு மாறவில்லை. சனி ஞாயிறு வந்தால் யாரோ வீட்டில் பிறந்தநாள், இல்லாவிட்டால் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்திய வீடு. அங்கே போனால் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம்.

அதனால் அந்த உறையைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் குறுகுறு என்றிருந்தது. ஹேர்னிங்குக்குத் தனியாகப் போய் ஒரு சட்டை வாங்கினேன். கடும் சிவப்பு, கை இல்லை, முழங்காலோடு நிற்கும். ஐம்பத்தாறு வயதில் அதை எங்கட சனத்துக்கு முன்னால் போட்டால், அடுத்த கொண்டாட்டத்தில் சோற்றோடு சேர்த்து என்னையும் மெல்லுவார்கள். புளோரன்சில் எங்களைத் தெரிந்தவர் யார்? சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். என் கணவர் ஒருமுறையாவது என்னை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டையை வாங்கினேன்.

வெளிக்கிட இரண்டு கிழமை இருக்கும்போது பிரெடெரிசியாவிலிருந்து மச்சாள் போன் எடுத்தா. அவதான் என் கணவருக்கு ஒரே அக்கா.

"நாங்களும் டிக்கெட் போட்டிட்டம். அதே ஹோட்டல்தான். தம்பி எல்லா விபரமும் அனுப்பினவன்."

போனை வைத்த கையோடு போய் நித்திரையில் இருந்தவரை எழுப்பினேன். அவர் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

"அக்கா வாறன் எண்டால் நான் என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?"

மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள், இல்லாவிட்டால் சிரிப்பாள். இரண்டையும் தாங்கும் நிலையில் நான் இல்லை.

பில்லுண்ட் விமான நிலையத்துக்கு மச்சாள் ஒரு சின்ன ரைஸ் குக்கரோடு வந்தா. கூடவே மாசிச் சம்பல் ஒரு போத்தல். "இத்தாலிக்காரன் உறைப்பாச் சமைக்கமாட்டான்" என்றா. அவவின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நல்ல மனுசன், எங்கே கொண்டுபோய் விட்டாலும் அங்கே இருப்பார்.

ஹோட்டல் அறையைத் திறந்தவுடன் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலைகள். பல்கணிக்குக் கீழே ஆறு, அதற்கு மேலே ஊருக்கே பேர்போன பழைய பாலம். மகள் சொல்லி வைத்திருந்த பூங்கொத்தும் இரண்டு கிளாஸ்களும் மேசையில் இருந்தன. நான் பூவை மணந்து பார்ப்பதற்குள் மச்சாளின் பெட்டி கட்டிலில் வந்து விழுந்தது.

"பொம்பிளையள் நாங்கள் ரெண்டு பேரும் இதில இருப்பம். ஆம்பிளையள் மற்ற அறைக்குப் போகட்டும்."

வெளியாருக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களில் இது கேள்வியே இல்லாத வழக்கம். ஜெர்மனியில் கலியாணம், பாரிசில் செத்தவீடு என்று எங்கே போனாலும் பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை, தரை முழுக்க மெத்தைகள். யார் யாரோடு கலியாணம் கட்டியவர் என்பது இரவு படுக்கும்போது கணக்கில் வராது. நானும் முப்பது வருடமாக அப்படிப் படுத்தவள்தான். ஆனால் இது கலியாண வீடா? செத்தவீடா?

நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. "இல்லை அக்கா" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். அவர் குனிந்து பெட்டியைத் திறந்தார், இரவில் கட்டும் சாரத்தையும் பல்தூரிகையையும் எடுத்தார், "சரி அக்கா" என்றார், போய்விட்டார். கதவை மெதுவாகச் சாத்தவும் மறக்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் பழைய பாலத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். பாலம் முழுக்க நகைக்கடைகள். மச்சாள் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் நின்று "இது பதினெட்டுக் கரட், எங்கட தங்கம் மாதிரி மினுங்காது" என்று சொல்லிக்கொண்டே போனா. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கைகோத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் தன் அக்காவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பேன். செய்யவில்லை. மச்சாளை மனதுக்குள் திட்டித் திட்டியே அந்த நகரத்தைச் சுற்றினேன். எந்தத் தேவாலயத்துக்குப் போனோம், சுவரில் என்ன ஓவியம் இருந்தது, ஒன்றும் நினைவில்லை.

சனிக்கிழமை காலை பல்கணியில் மச்சாள் தேத்தண்ணி தந்தா. ஒரு வாய் குடித்தேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மச்சாள், கோபிக்காதேங்கோ. நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

அவ கோப்பையைக் கீழே வைத்தா.

"நானோ? இந்த முழங்காலை வைச்சுக்கொண்டு நான் எங்க வரக் கேட்டனான்? அவனெல்லோ ஒவ்வொரு நாளும் போன் அடிச்சவன். அக்கா வாங்கோ, நீங்கள் வராட்டிச் சரிவராது எண்டு. உனக்குத் தனியப் போகப் பயமாம் எண்டும் சொன்னவன்."

"எனக்கோ?"

அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு அறைக்குள்ளே திரும்பி, கட்டிலையும் வாடத் தொடங்கியிருந்த பூங்கொத்தையும் பார்த்தா.

"ஐயோ பிள்ளை" என்றா.

இரண்டு நாளாக நான் பிழையான ஆளைத் திட்டியிருக்கிறேன். அவ்வளவு கோபமும் ஒரே நொடியில் அடுத்த அறைக்குத் திரும்பியது. உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டேன். மச்சாள் மேலும் கீழும் பார்த்தா. நான் எதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

"முதுகுச் சிப் பாதியில நிக்குது, திரும்பு" என்று சொல்லி இழுத்து விட்டா.

அன்று மதியத்துக்கு ஒரு மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கடையில் மகள் இரண்டு பேருக்கு மேசை சொல்லி வைத்திருந்தாள். நான் அடுத்த அறைக் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார்.

"வாங்கோ சாப்பிட."

அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அக்கா?"

"அக்கா வரேல்ல."

மேசையில் இருந்ததும் அவர் சாப்பாட்டு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அந்த அட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அக்காவை வரச்சொன்னது நீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

முள்ளுக்கரண்டியை உருட்டினார். "நாலு நாள் உம்மோட தனிய இருந்து என்ன கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்ல. பயமா இருந்தது."

பயமாம்! குளிர் அறையில் மாட்டுத் துடையைத் தோளில் தூக்கும் மனுசனுக்கு என்னைப் பார்க்கப் பயமாம். அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. சாரத்தை எடுத்துக்கொண்டு போனதில் தொடங்கினேன். கைப்பையைச் சொன்னேன். எனக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் நடந்தபோது ஒருநாள்கூடத் தனியாக வராமல், ஒவ்வொரு நாளும் ஒரு கார் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நிறுத்தியதைச் சொன்னேன். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன, பார்க்கட்டும். பரிமாறும் பெடியன் வந்தான், என் குரலைக் கேட்டுத் திரும்பிப் போனான்.

"மகள் போன பிறகாவது பகல் வேலைக்கு மாறியிருக்கலாம். நீங்கள் மாறேல்ல!"

அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "நீர் ஒரு நாளும் மாறச் சொல்லேல்லையே."

உண்மைதான். நான் கேட்கவில்லை. அவர் இரவுகளில் வீட்டில் இருந்தால் நான் என்ன கதைப்பேன் என்று நானும் ஒரு மூலையில் பயந்திருக்கிறேன். அது விளங்கியதும் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. என்னிலும் கோபம், அவரிலும் கோபம்.

"சொன்னால்தான் மாறுவியளோ? உங்களுக்காகத் தோணாதோ?"

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "இது புதுச் சட்டையோ?" என்றார்.

ஒரு மணித்தியாலமாக முன்னால் இருக்கிறேன்! அதற்கும் சேர்த்துத் திட்டினேன். கத்தும்போதே ஒன்று உறைத்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தனியாக இவ்வளவு நேரம் கதைத்ததே இல்லை.

மேசையில் இருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் 'அத்தான்' என்றிருந்தது, மச்சாளின் கணவர்தான். அண்ணைக்குப் பசித்திருக்கும், இல்லாவிட்டால் அறைத் திறப்பைத் துலைத்திருப்பார். என் கணவர் ஒரு போனையும் எடுக்காமல் விடும் ஆள் இல்லை. கையை நீட்டினார். நான் கதைப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தேன்.

அவர் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னும் இருக்கோ?" என்றார்.

"கனக்க இருக்கு."

கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"சொல்லும்."