மூலை மனையில் போட்ட துண்டு

வீட்டு மனை பார்க்கப் போனதையெல்லாம் பயணக் கட்டுரை என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். ஆவடியிலிருந்து பாரிவாக்கம் என்ன, ஏழெட்டுக் கிலோமீட்டர். நான் காசிக்குப் போயிருக்கிறேன், டெல்லிக்குப் போயிருக்கிறேன். எங்கேயும் எனக்கு இந்த அளவு வயிறு எரிந்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

1993 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். நாங்கள் வேலூர்ப் பக்கம். மாடி வீடு கும்பகோணம், எதிர் வீடு சங்கரன்கோவில். ஓய்வு பெறும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டியதுதான். அதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்ற பயம் எல்லா வீட்டு அடுப்படியிலும் இருந்தது. எங்கள் சேமிப்புக்கு ஒரே ஒரு மனைதான் வாங்க முடியும், அதுவும் ஒரே ஒரு முறைதான்.

அப்போது நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாள் முழுக்க அமெரிக்க வரலாறு. குழம்பு கொதிக்கும் நேரத்தில் படிப்பேன். கப்பலேறி வந்து இறங்கினார்கள், கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே மேற்கே என்று போனார்கள். நூற்று அறுபது ஏக்கர் ஏறக்குறைய இலவசம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம். பாவிகள்! எனக்கு ஒரு கிரவுண்டுக்கே நாக்குத் தள்ளியது. செத்து நூறு வருடமானவர்கள் மேலும் பொறாமைப்பட்டவள் நான்.

உயிரோடு இருப்பவர்களில் எதிர் வீட்டுக் கோமதி அக்கா மேல் பொறாமை. எங்கள் வரிசையில் முதல் கலர் டிவி அவள் வீட்டில். முதல் வாஷிங் மெஷினும் அங்கேதான். அவள் வைத்த முருங்கைக் குச்சி ஆறு மாதத்தில் காய்த்தது, என்னுடையது குச்சியாகவே நின்றது. இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

மனை விற்பவர்கள் ஞாயிறுதோறும் இலவசமாக வேன் விடுவார்கள். தக்காளி சாதம், தயிர் சாதம், ஊறுகாயும் உண்டு. அன்று காலை ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. நாங்கள் இருவர், கோமதி அக்கா வீட்டில் இருவர், இன்னும் பத்துப் பேர். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“இப்ப வாங்கிப் போட்டுக்கோங்க மேடம். மெட்ராஸ் இந்தப் பக்கம் வந்துகினே கீது. நாளைக்கு வந்து கேட்டா ஒரு செங்கல் வைக்க எடம் கெடைக்காது.”

வயலைச் சமப்படுத்தி, கல் நட்டு, மஞ்சள் கொடி கட்டியிருந்தார்கள். வேன் நிற்பதற்கு முன்பே என் கண்ணில் பட்டுவிட்டது மூலை மனை. இரண்டு பக்கம் தெரு, கிழக்குப் பார்த்த வாசல். கோமதி அக்காவின் கண்ணும் அங்கேதான் போனது. அமெரிக்காவில் ஓக்லஹாமாவில் இலவச நிலம் பிடிக்க, துப்பாக்கி வெடித்ததும் ஜனங்கள் குதிரையில் பாய்ந்துபோய் முளைக்குச்சி அடித்ததாகப் படித்திருந்தேன். என்னிடம் முளைக்குச்சி இல்லை. கணவரின் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு ஓடி, மூலைக் கல்லின் மேல் போட்டேன். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டு சீட் பிடிப்போமே, அந்தப் பழக்கம்தான்.

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னா மேடம், திருப்பதி பஸ்ஸா இது?”

ஆனால் சிரித்து முடிப்பதற்குள் நல்ல நல்ல கல்லிலெல்லாம் ஒரு பொருள் ஏறிவிட்டது. கைக்குட்டை, குடை, தண்ணீர் பாட்டில், ஒருவருடைய ஒற்றைச் செருப்பு. மனைக்காரரும் ஒப்புக்கொண்டார். “சாப்பாடு முடிஞ்சு அட்வான்ஸ் வாங்குவோம். அதுவரைக்கும் துண்டு போட்டவங்களுதுதான்.” கோமதி அக்காவின் குடை என் மனைக்கு அடுத்த கல்லில் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்கு முன்னால் நான். தக்காளி சாதம் அமிர்தமாக இருந்தது.

கை கழுவ ஓரமாகப் போனேன். அங்கே ஓர் அம்மா மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கன்னியம்மா. அவளுடைய மாமனார் வீட்டு நிலம்தான் மனையாகியிருந்தது.

“துண்டு போட்டது நீதானாம்மா? அங்கதான் எங்க கெணறு இருந்துது. போன மாசம் மண்ணு போட்டு தூத்துட்டானுங்கோ.”

கணவரிடம் ஓடினேன். “கிணறு தூர்த்த இடத்துல வீடு கட்டினா இறங்கிடும். துண்டை எடு” என்றார். எடுத்தேன். நாலு கல் தள்ளிக் காலியாகக் கிடந்த ஒரு மனையில் போட்டேன்.

கோமதி அக்கா பார்த்துவிட்டாள். “ஏட்டி வாசுகி, துண்ட ஏன் எடுத்துட்ட?”

மறைத்திருக்கலாம். ஆனால் எனக்குக் கிடைக்காத மூலை அவளுக்கும் கிடைக்கக் கூடாது. “கிணறு தூர்த்த இடமாம் அக்கா. கட்டினா இடிஞ்சிடும்” என்று நன்றாக அழுத்திச் சொன்னேன்.

அவள் பயப்படவில்லை. நேரே கன்னியம்மாவிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டாள். “தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?”

“தேனு மாறி இருக்கும்மா. கத்திரி வெயில்ல கூட வத்துனதில்ல.”

கோமதி அக்கா குடையை எடுத்து மூலைக் கல்லில் சாத்தினாள். “எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டு மைல் நடந்தவ நான். வீட்டத் தள்ளிக் கட்டிக்கிடலாம்லா, தண்ணிய எங்கிட்டுத் தேட?”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். நானே பென்சிலால் கோடு போட்ட வரி: வறண்ட மேற்கில் தண்ணீர் யார் கையில் இருந்ததோ, சுற்றியுள்ள நிலமும் அவர் கையில் இருந்தது. பத்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்திருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

1997இல் இரண்டு வீடும் எழுந்தன. எங்கள் ஆழ்துளைக் குழாயில் வந்தது உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கோமதி அக்கா கிணற்றைத் தூர் வாரி, வீட்டைத் தள்ளிக் கட்டியிருந்தாள். ஈசானிய மூலையில் கிணறு என்று வாஸ்துக்காரர் வேறு பாராட்டிவிட்டுப் போனார். தினமும் காலை ஆறு மணிக்கு நான் குடத்தோடு அவள் வாசலில் நின்றேன். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, துண்டு கதையைச் சொல்லிக் காட்டவும் இல்லை. அது இன்னும் எரிந்தது.

மனை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை: மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை போங்கள். இலவசச் சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

யார் இருந்தார்கள் என்ற அந்த இரண்டாவது கேள்வி எனக்கு எப்போது தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் குடத்தோடு போனேன், எனக்கு முன்னால் இன்னொருத்தி நின்றிருந்தாள். கன்னியம்மா. அவர்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாளாகியிருந்தது. அவளுடைய மாமனார் வெட்டிய கிணறு. மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் இறைத்த கிணறு. செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டாள்.

“அம்மா, ஒரு கொடம் எடுத்துக்கட்டுமா?”