தோசைக்கல்லில் வைத்த எஞ்சின்

"...என்ன வேணாலும் ஏசிக்கங்க, கேட்டுக்கிறேன். அந்தச் சுத்தியல மட்டும் எஞ்சின் பக்கம் கொண்டு வராதீகண்ணே" என்றாள் அத்தை.

அய்யா ஓங்கிய கையோடு நின்றுவிட்டார். தெருவில் பாதிப் பேர் எங்கள் வாசலில் இருந்தார்கள். அண்ணனைத் தங்கச்சி நிறுத்திவைத்துப் பேசியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அத்தை புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்து, எங்கள் வீட்டுக் கிழக்கு அறையில் இருந்தாள். தொண்டிக்குத் தெற்கே எங்கள் கரையில் விடியும்போதே மீன் ஏலம். எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடைத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு, திருவாடானைப் பக்கத்து ஊர்களில் விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். வண்டி அவளே உழைத்து வாங்கியது. சாவி மட்டும் அய்யாவின் கட்டிலுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். அது எப்படி அங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. காலையில் அத்தை போய், "அண்ணே, சாவி" என்று நிற்பாள். முந்தின நாள் ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் அய்யா கேட்காதவர்போலப் புரண்டு படுப்பார். அன்றைக்கு அத்தைக்கு ஏலத்தில் கழித்துப் போட்டதுதான் கிடைக்கும்.

அந்த வண்டிதான் நடுவழியில் நின்றுபோனது. கிராங்க் போய்விட்டது என்றார் மெக்கானிக். பிஸ்டன் மேலும் கீழுமாகக் குதிப்பதை வாங்கிச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு அது. ஆறு மாதம் முன்னால்தான் அவரே புதிதாக ஒன்று போட்டிருந்தார். அதை எஞ்சின் கூட்டுக்குள் சுத்தியலால் அடித்து இறக்கியதை அத்தை பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். அன்றிலிருந்து வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. இந்த முறையும் எஞ்சினைப் பிரித்து, புதுத் தண்டு ஒன்றில் புதுப் பேரிங்கை ஏற்றிவிட்டு, அவர் சுத்தியலைக் கையில் எடுத்தார். அத்தை வேண்டாம் என்றாள். அப்படியானால் நீயே போட்டுக்கொள் என்று அவர் கேலியாகச் சொல்ல, "போட்டுக்கிறேன்" என்று எல்லாவற்றையும் அள்ளி மீன் கூடையில் வைத்து, வெறும் வண்டியைக் கூரையில் ஏற்றச் சொல்லிப் பஸ் ஏறிவிட்டாள்.

கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "என்னத்தா, இன்னைக்கு மீனு கறுப்பா இருக்கு?" என்றாராம்.

"ஆழ்கடல் மீனு. கடிச்சா பல்லு போயிரும்" என்றாளாம் அத்தை.

வீட்டில் அய்யா ஒரே பேச்சாகப் பேசிவிட்டார். பெண்பிள்ளை வண்டியில் அலைந்தது போதும். நாளைக் காலை ஏலத்துக்கு வண்டி கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிப்போடச் சொல்லிவிடுவார். அய்யா கெட்டவர் இல்லை. தங்கை விழுந்துவிடுவாளோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது. அந்தப் பயத்துக்கு ஊர் வாயும் சேர்ந்து நெய் ஊற்றிக்கொண்டிருந்தது.

அத்தைக்குப் பள்ளிக்கூடம் ஏழோடு சரி. ஆனால் மீன் வாங்க நிற்கிற நேரத்தில் அவள் கண் சும்மா நிற்காது. வள்ளத்து எஞ்சினுக்குப் பேரிங் மாட்டும்போது எண்ணெயில் காய்ச்சி மாட்டுவதைக் கரையில் பார்த்திருந்தாள். சூடுபட்டால் ஓட்டை விரிகிறது. அப்படியானால் குளிர்ந்தால் தண்டு சிறுக்க வேண்டும். மற்றவர்களுக்கு எண்ணெய் மட்டும்தான் தெரியும். அத்தையிடம் ஐஸ் பெட்டி இருந்தது.

அன்று மத்தியானம் கிராங்கைப் பாலித்தீன் பையில் சுற்றி, உப்புத் தண்ணீர் படாதபடி வாயைக் கட்டி, உப்புத் தூவிய ஐஸுக்குள் புதைத்தாள், வஞ்சிரத்தைப் புதைப்பதுபோலவே. எஞ்சின் கூடு இரண்டு பாதி. மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த ஒரு பாதியை, எரியாத அடுப்பின் தோசைக்கல்லில் வைத்து அலுமினியக் குண்டானால் மூடினாள். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். தன் கல்லுக்கு வந்த கதியைப் பார்த்த அம்மா, இனி தோசை எந்த வாசத்தில் வரும் என்று தெரியும் என்றாள். "மதினி, வாசத்துக்கு நான் பொறுப்பு. தீயை மட்டும் பாத்துக்கங்க" என்று அத்தை என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

கூட்டின் மேல் ஒரு சொட்டுத் தெளித்தாள். சொய்ங் என்றது. தண்டை எடுத்து ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி, நேராகப் பிடித்து விட்டாள். கல் கிணற்றில் விழுவதுபோல டொக்கென்று போய் உட்கார்ந்தது. கூட்டத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

அடுத்த பாதியில்தான் வம்பு. அம்மா தோசைக்கல் கரிந்துவிடும் என்று தீயைக் கொஞ்சம் குறைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மேல் பாதி முக்கால் வாசி இறங்கி, ஒரு விரல் இடைவெளியில் பிடித்துக்கொண்டது. போதாததற்குக் காற்றும் கடலிலிருந்து அடித்தது. கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஒருவர் வெங்கலப் பூண் வைத்து அடிக்கச் சொன்னார், ஒருவர் மரக்கட்டை வைக்கச் சொன்னார். அய்யா சுத்தியலோடு வந்து ரெண்டே தட்டு என்றார். அப்போதுதான் அத்தை அந்தப் பேச்சைப் பேசினாள்.

பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாதி வேலையை அவளே கலைத்தாள். கொதிநீரில் துணியை நனைத்துப் பேரிங் இருக்குமிடத்தில் சுற்றி, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் அம்மாவுமாகப் பிடித்து, கூட்டின் மேல் பாதியைத் தூக்கி எடுத்துவிட்டாள். அய்யா தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தத் தண்டு ரெண்டு வட்டத் தகட்ட நடுவுல ஒரு இரும்பு முள்ளுல இறுக்கிச் சேத்தது. நுனியில அடிச்சா மயிரிழை கோணும். கண்ணுக்குத் தெரியாது, ஓட்டுறவ ஒடம்புக்குத் தெரியும். ஆறு மாசம் என் இடுப்பு வாங்குனது போதும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

தண்டின் நுனியை ஐஸ் பொட்டலத்தால் மறுபடி குளிர்வித்தாள். இந்த முறை அடுப்பின் பக்கம் யாரையும் விடவில்லை. அம்மாவும் விட்ட பிழையை ஈடுகட்டுகிறவள்போல வாசலை மறித்து, காற்றுக்குச் சேலையைப் பிடித்து நின்றாள். அத்தை தண்ணீர் தெளித்துச் சத்தம் கேட்டு, கூட்டைத் துணியால் பிடித்துத் தூக்கி, நேராக வைத்தாள். சத்தமே இல்லாமல் இறங்கியது. திருகுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். ஆறியதும் என்னைக் கூப்பிட்டுத் தண்டைச் சுற்றச் சொன்னாள். இரண்டு விரலில் சுற்றியது. எங்கேயும் தடுக்கவில்லை.

ரப்பர் சீல், காந்தச் சக்கரம், சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, எஞ்சினை வண்டியில் பூட்டி முடிக்கையில் வெயில் தாழ்ந்திருந்தது. நாலு மிதி மிதித்தாள். ஐந்தாவது மிதியில் பிடித்தது. வண்டி நின்ற இடத்தில் நடுக்கமில்லாமல் ஓடியது. சீட்டின் மேல் அவள் நிரப்பி வைத்த தம்ளர் தண்ணீர் சிந்தவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. தண்ணீரைக் குறை சொல்ல யாருக்கும் வழியில்லை.

அய்யாதான் வண்டியை நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு இருந்தது, பெருமையும் இருந்தது. பழக்கத்தில் சாவியை உருவிக்கொண்டு தன் அறைப் பக்கம் திரும்பினார்.

"சாவியக் குடுங்கண்ணே" என்றாள் அத்தை. அவர் கொடுத்தார். "அந்தச் சுத்தியலயும்."

அவர் அதையும் கொடுத்தார். கிழக்கு அறை நிலைப்படிக்குப் பக்கத்தில் போய் நின்று, சேலை முடிச்சிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்தாள். காலையிலிருந்தே அது அங்கே இருந்திருக்க வேண்டும். அய்யாவின் அறையில்தான் ஏற்கெனவே ஓர் ஆணி இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று நான் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அத்தை நாலே அடியில் ஆணியை இறக்கி, சாவியை மாட்டினாள்.